தைவானின் 120 நிமிடங்கள்: வெயிலுக்கும் கண்ணுக்கும் நடுவே டோபமைன்

2010 செப்டம்பரில் தைவானின் தொடக்கப் பள்ளிகளில் ‘தியன்-தியன் 120’ என்றொரு திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் நாள்தோறும் 120 நிமிடம் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில், பள்ளிப் பார்வைப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்த பிள்ளைகளின் விகிதம் 34.8 சதவீதத்திலிருந்து ஏறிக்கொண்டே வந்திருந்தது. 2011-ல் 50 சதவீதத்தைத் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கியது. 2012-ல் 49.4, 2015-ல் 46.1.

கிழக்காசியாவில் இந்தக் கோடு கீழ்நோக்கித் திரும்பியதை ஒரு நாடு முழுவதற்குமான கணக்கில் பார்ப்பது அபூர்வம். ஏன் திரும்பியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே வரியில் பதில் வரும்: வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் நீண்டுபோவதைத் தடுக்கிறது. தமிழில் வரும் உடல்நலக் குறிப்புகளிலும் இந்த வரி இப்போது தாராளமாகப் புழங்குகிறது. வரி ஒன்றுதான், ஆனால் அதற்குள் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது. வெளிச்சம் விழித்திரையின் டோபமைனைக் கூட்டுகிறது. டோபமைன் கண்ணின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. முதலாவதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். மற்ற இரண்டையும் பெரும்பாலும் கோழிக்குஞ்சுகளிடம். மூன்றும் சேர்ந்து ஒரே சங்கிலிதானா என்பதுதான் கேள்வி.

டோபமைன் என்றதும் கைபேசி மோகமும் ‘டோபமைன் டீடாக்ஸ்’ காணொளிகளும் நினைவுக்கு வரலாம். அது மூளையின் கதை. இங்கே பேசப்படுவது விழித்திரைக்குள்ளேயே உண்டாகி அங்கேயே செலவாகும் டோபமைன். மனம் மகிழ்ச்சியாக இருந்தால் மைனஸ் பவர் குறையும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தைவான் இந்த நிலைக்கு வந்த விதம்

பிறக்கும்போது மனிதக் கண்ணின் முன்பின் நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 24. கருவிழியும் லென்ஸும் சேர்ந்து ஒளியைக் குவிக்கும் இடத்தில் விழித்திரை வந்து உட்கார்ந்துவிட்டால் பார்வை தெளிவு. கண் அந்த இடத்தையும் தாண்டி நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் மிகை நீளம் சுமார் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) வரை பவரை ஏற்றிவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. கண்ணாடி பிம்பத்தைச் சரிசெய்யும், நீளத்தை அல்ல. மைனஸ் ஆறைத் தாண்டிய கண்களில் விழித்திரை விலகல், மையப் பகுதி சிதைவு போன்ற ஆபத்துகள் கூடுவதற்குக் காரணமும் இந்த இழுபட்ட நீளம்தான்.

தைவானில் 1983 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு தழுவிய கண் கணக்கெடுப்பு நடந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை 1983-ல் 5.8 சதவீதம், 2000-ல் 21 சதவீதம். பன்னிரண்டு வயதில் 36.7-லிருந்து 61. பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் 84 சதவீதம். பதினெட்டு வயதினரில் ஐந்தில் ஒருவருக்கு மைனஸ் ஆறுக்கு மேல். ஒரே தலைமுறைக்குள் மரபணுக்கள் இப்படி மாறுவதில்லை. சூழல்தான் மாறியிருக்க வேண்டும்.

எல்லோர் சந்தேகமும் புத்தகத்தின் மேல்தான் இருந்தது. வகுப்பறை விளக்குகளைக் கூட்டினார்கள், மேசை நாற்காலி உயரத்தைச் சரிசெய்தார்கள், முப்பது நிமிடம் படித்தால் பத்து நிமிடம் ஓய்வு என்றார்கள். கோடு ஏறிக்கொண்டேதான் இருந்தது. படிப்புக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. மரபணுத் தரவுகளைக் கொண்டு 2018-ல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வு, கல்வியில் கூடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 0.27 டயாப்டர் மைனஸ் பக்கம் நகர்வதாகக் கணக்கிட்டது. படிப்பு கண்ணை எந்த வழியாகப் பாதிக்கிறது என்பதுதான் சிக்கல். எழுத்தை உற்றுப் பார்ப்பதாலா, படிக்கும் நேரமெல்லாம் கூரைக்குக் கீழே கழிவதாலா?

சிட்னியும் சிங்கப்பூரும்

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய ஒப்பீடு 2008-ல் வந்தது. கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழுவினர் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை இருந்த குடும்பங்கள் சிட்னியில் 68 சதவீதம், சிங்கப்பூரில் 71. பரம்பரைப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளைகளிடமோ சிட்னியில் 3.3 சதவீதம், சிங்கப்பூரில் 29.1.

சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அவர்கள்தான் வாரத்துக்கு அதிகப் புத்தகங்கள் படித்திருந்தார்கள். பெரிதாக வித்தியாசப்பட்டது வெளியே இருந்த நேரம்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி. அதே குழு சிட்னியில் செய்த இன்னொரு ஆய்வில், உள்ளரங்க விளையாட்டுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. ஆக, உடற்பயிற்சி இதில் கதாநாயகன் அல்ல. வெளியே சும்மா உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் சேரும். கண்ணைக் காப்பது பிரகாசமான வெளிச்சத்தால் விழித்திரையில் கூடும் டோபமைனாக இருக்கலாம் என்ற ஊகத்தை அந்தக் கட்டுரையில்தான் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்து முன்வைத்தார்கள்.

காவோசியுங்கில் இடைவேளை மணி

தைவானின் தென்பகுதித் துறைமுக நகரமான காவோசியுங்கில் கண் மருத்துவர் வூ பெய்-சாங் இதைப் பள்ளிக்கூடத்திலேயே சோதித்தார். அருகருகே இருந்த இரண்டு தொடக்கப் பள்ளிகள், ஏழு முதல் பதினொரு வயது வரையிலான 571 பிள்ளைகள். ஒரு பள்ளியில் இடைவேளை முழுவதையும், மொத்தம் நாளுக்கு 80 நிமிடம், வகுப்பறைக்கு வெளியே கழிக்கச் சொன்னார்கள். மற்றதில் எப்போதும்போல. ஓராண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் முதல் பள்ளியில் 8.41 சதவீதம், இரண்டாவதில் 17.65 சதவீதம்.

பாதிக்குப் பாதி. ஆனால் ஒரு பள்ளிக்கு எதிரே ஒரே ஒரு பள்ளி என்பது ஆய்வு அமைப்பில் நொண்டிக்கால். ஆசிரியர், வீட்டுப்பாடம், குடும்ப வருமானம் என்று எதில் வேறுபாடு இருந்தாலும் அது முடிவில் கலந்துவிடும். அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது சீனாவின் குவாங்சோவில் ஹே மிங்குவாங் குழு நடத்திய பரிசோதனை. 12 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஆறில் நாளுக்கு 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாக வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிய கிட்டப்பார்வை 39.5 சதவீதத்துக்குப் பதில் 30.4 சதவீதம். 2015-ல் வெளியான இந்த முடிவுதான் இந்தத் துறையின் முதுகெலும்பு. அதில் பலர் கவனிக்காத ஒரு வரியும் உண்டு. கண்ணின் நீளத்தில் இரு பிரிவுகளுக்கும் இடையே கண்ட வித்தியாசம், 0.98-க்கு எதிரே 0.95 மில்லிமீட்டர், புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. டோபமைன் கண் நீள்வதைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்றால் இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

தைவானின் நாடு தழுவிய கோட்டுக்கு வருவோம். ஆண்டுக்கு 12 முதல் 19 லட்சம் பிள்ளைகள் என்பதால் எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. அளவீட்டில் சொல்லலாம். பள்ளிகளில் பார்த்தது கண்ணாடி இல்லாமல் எழுத்து அட்டையை எந்த வரி வரை படிக்கிறார்கள் என்பதை. கிட்டப்பார்வையும் அதில் விழும், மற்ற குறைபாடுகளும் விழும். ஒப்பீட்டுக்கு இன்னொரு தைவானும் கிடையாது. அட்ரோபின் சொட்டு மருந்து அங்கே வெகுகாலமாகப் பரவலான பழக்கம். கிட்டப்பார்வைக்காக மருத்துவரிடம் வந்த பிள்ளைகளில் அதை எழுதித்தருவது 2000-ல் 36.9 சதவீதமாக இருந்து 2007-ல் 49.5 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அட்ரோபின் ஏற்கெனவே வந்த பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கக் கொடுப்பது. பரிசோதனையில் புதிதாகக் குறைபாடு தெரியும் பிள்ளைகளை அது பெரிதாகக் குறைத்திருக்காது. திட்டம் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே கோடு திரும்பியதையும், குவாங்சோ முடிவோடு அது ஒத்துப்போவதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பங்கு வெளிப்புற நேரத்துக்கே என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 50-லிருந்து 46.1 என்பது குணமல்ல, திசை மாற்றம்.

முதல் கண்ணி உறுதி. அடுத்த இரண்டும் எங்கிருந்து வந்தன?

குரங்கிலிருந்து கோழிக்குஞ்சுக்கு

1977-ல் ஹார்வர்டில் டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். பிறந்த சில நாட்களில் ஒரு கண்ணின் இமைகளைத் தைத்து மூடிய குரங்குக் குட்டிகளுக்கு, அந்தக் கண் மட்டும் நீண்டு வளர்ந்து கடுமையான கிட்டப்பார்வை வந்திருந்தது. அதேபோல் இமை தைத்த குட்டிகளை முழு இருளில் வளர்த்தால் வரவில்லை. ஆகவே இமை கொடுக்கும் அழுத்தமோ சூடோ காரணமில்லை. மங்கிய, உருவமற்ற வெளிச்சம் கண்ணுக்குள் போவதுதான் காரணம். மறு ஆண்டே நியூயார்க்கில் ஜோஷ் வால்மன் குழு கோழிக்குஞ்சுகளில் இதைக் காட்டியது. குஞ்சு மலிவு, வளர்ச்சி வேகம். அதன் கண் மாற்றத்தை வாரங்களில், சில சமயம் நாட்களிலேயே அளக்கலாம். துறை முழுவதும் கோழிப்பண்ணைப் பக்கம் சாய்ந்தது.

அங்கே கிடைத்த இரண்டு விஷயங்கள் கண் வளர்ச்சி பற்றிய எண்ணத்தையே மாற்றின. ஒன்று, கண்ணின் பார்வைப் புலத்தில் பாதியை மட்டும் மங்கலாக்கினால் விழியின் அந்தப் பாதி மட்டுமே நீண்டது. இரண்டாவது, பார்வை நரம்பை வெட்டி மூளையோடு தொடர்பே இல்லாமல் செய்தாலும் மங்கலாக்கிய கண் நீளத்தான் செய்தது. வளர்ச்சிக்கு உத்தரவு மூளையிலிருந்து வருவதில்லை. விழித்திரையே பிம்பத்தைப் பார்த்து, தனக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற ரத்தநாளப் படலத்துக்கும் அதற்கும் வெளியே உள்ள வெண்படலத்துக்கும் சொல்லி அனுப்புகிறது. 1988-ல் ஃபிராங்க் ஷாஃபெல் குழுவினர் குஞ்சுகளுக்குக் கண்ணாடியே மாட்டிவிட்டார்கள். மைனஸ் லென்ஸ் மாட்டினால் கண் நீண்டு அதற்கு ஈடு கொடுத்தது. பிளஸ் மாட்டினால் வளர்ச்சி மட்டுப்பட்டது. ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்கும் தையல்காரர்போல, எந்தப் பக்கம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது.

எனில் விழித்திரை எந்த வேதிப்பொருளைக் கொண்டு பேசுகிறது?

விழித்திரையின் உள்ளடுக்கில் அமாக்ரின் செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றில் மிகச் சொற்பமான சில டோபமைனைத் தயாரிக்கின்றன. எண்ணிக்கை குறைவு, ஆனால் அவற்றின் கிளைகள் விழித்திரை முழுவதும் வலைபோல் பரவியிருக்கும். டோபமைன் பக்கத்துச் செல்லோடு நின்றுவிடாமல் பரவிச் சென்று தொலைவில் உள்ள ஏற்பிகளையும், அதாவது செல்களில் அது வந்து ஒட்டும் இடங்களையும், தொடுகிறது. பகலில் கூடும், இரவில் குறையும். இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனோடு எதிரும் புதிருமாக நடக்கும் தாளம் அது. இருளுக்குப் பழகிய விழித்திரையை வெளிச்சத்துக்குப் பழக்குவது அதன் அன்றாட வேலை. வெளிச்சம் பட்டதும் டோபமைன் தயாரிக்கும் நொதியின் வேகம் கூடுகிறது என்பதை எலிகளின் விழித்திரையில் மைக்கேல் யுவோன் 1978-லேயே காட்டியிருந்தார். அப்போது அதைக் கிட்டப்பார்வையோடு யாரும் இணைக்கவில்லை.

இணைத்தது 1989-ல் வந்த கட்டுரை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டோன், ஆலன் லேடீஸ் ஆகியோரோடு யுவோனும் அதில் ஓர் ஆசிரியர். மூடிய கண்ணைக் கொண்ட குஞ்சுகளில், பகல் நேரத்தில் அந்தக் கண்ணின் டோபமைனும் அது சிதைந்து உண்டாகும் டோபாக்கும் குறைந்திருந்தன. கூடவே, டோபமைனைப்போல் ஏற்பியில் போய் உட்காரும் அபோமார்ஃபின் என்ற மருந்தை அந்தக் கண்ணுக்குக் கொடுத்தார்கள். கண் முன்பின்னாக நீள்வது குறைந்தது. அகலவாக்கில் பெருப்பது குறையவில்லை. நீளத்துக்கும் அகலத்துக்கும் கட்டுப்பாடு தனித்தனி என்ற குறிப்பு அதில் இருந்தது. கிட்டப்பார்வைக்கு வேண்டியது நீளம்தான். சில ஆண்டுகளில், கனடாவின் கால்கரியில் இருந்த குழு, குஞ்சில் இந்த விளைவு டி2 வகை ஏற்பி வழியாக நடக்கிறது என்று காட்டியது.

வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தபோது

சிட்னி ஒப்பீடு வந்த பிறகு, கோழிக்கூண்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே பாலம் போடும் சோதனை தேவைப்பட்டது. ரீகன் ஆஷ்பியும் ஷாஃபெலும் ஜெர்மனியின் டூபிங்கனில் அதைச் செய்தார்கள். கண்ணில் பிம்பத்தை மங்கலாக்கும் மூடி (மங்கல் மூடி) மாட்டிய குஞ்சுகளை நாளுக்கு ஐந்து மணி நேரம் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் வைத்தபோது, சாதாரண 500 லக்ஸில் இருந்த குஞ்சுகளைவிடக் கிட்டப்பார்வை சுமார் 60 சதவீதம் குறைந்தது. விளக்கு நிறைய எரியும் வகுப்பறையிலும் பொதுவாக 500 லக்ஸ்தான் கிடைக்கும். வெட்டவெளியில் நடுப்பகல் ஒரு லட்சத்தை எட்டும். கூரைக்கு உள்ளே நமக்கு வெளிச்சமாகத் தெரிவது கண்மணி விரிந்துகொடுப்பதாலும் விழித்திரை பழகிக்கொள்வதாலும்தான்.

2010-ல் இவர்கள் வைத்த அடுத்த சோதனைதான் இந்த வழக்கின் மிக வலுவான சாட்சி. டி2 ஏற்பியை அடைக்கும் ஸ்பிபெரோன் என்ற மருந்தைக் கண்ணுக்குள் செலுத்திவிட்டு அதே பிரகாசமான வெளிச்சத்தில் குஞ்சுகளை வைத்தார்கள். வெளிச்சம் தந்த பாதுகாப்பு காணாமல் போனது. வெளிச்சம் இருந்தது, டோபமைனும் இருந்தது, அதைக் கேட்கும் காது மட்டும் அடைபட்டிருந்தது. பலன் இல்லை. இரண்டாவது கண்ணியும் மூன்றாவது கண்ணியும் ஒன்றில் ஒன்று மாட்டியிருப்பதைக் காட்டிய சோதனை இது.

பள்ளி மணியோடு பொருந்தும் இன்னொன்றும் உண்டு. 2014-ல் ஷாஃபெலின் ஆய்வகம் குஞ்சுகளுக்குத் தொடர்ந்த வெளிச்சத்தையும், ஒரு நிமிடம் பிரகாசம் ஒரு நிமிடம் சாதாரணம் என்று மாறி மாறி வரும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டது. விட்டுவிட்டு வந்ததுதான் கூடுதலாக வேலை செய்தது. இடைவேளை இடைவேளையாக வெளியே விடும் காவோசியுங் முறை, ஒரேயடியாக மாலையில் விளையாட விடுவதைவிட நல்லதாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது தெம்பு தருகிறது. ‘இருக்கலாம்’ என்ற சொல்லை இங்கே நான் வேண்டுமென்றே வைக்கிறேன். குஞ்சின் நிமிடக் கணக்கைப் பிள்ளைகளின் பாடவேளைக்கு அப்படியே மாற்ற முடியாது.

ஒத்துவராத சாட்சிகள்

இதுவரை கதை அழகாகப் போகிறது. பொதுவாகக் கட்டுரைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. நின்றுவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

1992-ல் ஷாஃபெல் பங்கேற்ற ஒரு சோதனையில், டோபமைன் செல்களைத் தாக்கும் நச்சுப் பொருளைக் குஞ்சின் கண்ணுக்குள் செலுத்தினார்கள். டோபமைன் குறைந்தால் கிட்டப்பார்வை கூட வேண்டும். மாறாக, மங்கல் மூடியால் வரும் கிட்டப்பார்வை அடங்கிப்போனது. டோபமைன் வெறுமனே ‘நிறுத்து’ என்று சொல்லும் பொருள் என்றால் இது நடக்கக் கூடாது. சுண்டெலிகளில் குழப்பம் இன்னும் கூடுதல். ஒரு கண்ணை மங்கலாக்கிக் கிட்டப்பார்வை வந்த சுண்டெலிகளில் விழித்திரை டோபமைன் மாறவே இல்லை என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டே, விழித்திரையில் மட்டும் டோபமைன் தயாரிக்க முடியாதபடி மரபணுவை மாற்றிய சுண்டெலிகளுக்கு, எதுவும் மாட்டாமலேயே கிட்டப்பார்வை வந்ததாக வேறொரு ஆய்வு. குஞ்சில் காவலாக நிற்கும் டி2 ஏற்பியைச் சுண்டெலியில் நீக்கினால் கிட்டப்பார்வை குறைகிறது. அங்கே காவல் வேலை டி1 பக்கம் இருப்பதுபோல் தெரிகிறது.

இவற்றை ஒன்றையொன்று அடித்து நொறுக்கும் முடிவுகளாகப் பார்க்க வேண்டியதில்லை. கோழியின் வெண்படலத்தில் குருத்தெலும்பு அடுக்கு உண்டு, பாலூட்டிகளுக்குக் கிடையாது. கோழியின் கண் நீள்வது அந்த அடுக்கு வளர்வதால். நம்முடையது நீள்வது வெண்படலம் மெலிந்து நெகிழ்வதால். விழித்திரை தரும் சமிக்ஞை ஒன்றாகவே இருந்தாலும், கேட்கும் திசு வேறு.

மனிதனுக்கு நெருங்கிய சாட்சி ரீசஸ் குரங்கு. ஹூஸ்டனில் ஏர்ல் ஸ்மித் குழு 2012-ல் குட்டிகளை நாளுக்கு ஆறு மணி நேரம் சுமார் 25,000 லக்ஸில் வளர்த்தது. மங்கல் மூடியால் வரும் கிட்டப்பார்வை கணிசமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அதே வெளிச்சத்தில் மைனஸ் லென்ஸ் மாட்டிப் பார்த்தார்கள். எந்தத் தடுப்பும் இல்லை. மைனஸ் லென்ஸ் உண்டாக்கும் மங்கல்தான், புத்தகம் படிக்கும் பிள்ளையின் கண்ணில் நேர்வதற்கு நெருக்கமானது என்று கருதுவோர் பலர். அவர்கள் கருத்து சரி என்றால், வெளிச்சம்–டோபமைன் வழி மட்டும் தைவானை விளக்கப் போதாது.

அட்ரோபினும் உதவிக்கு வரவில்லை. கோழியின் கண்ணுக்குள் இருக்கும் குவிக்கும் தசை நம்முடையதுபோல் அட்ரோபினுக்குக் கட்டுப்படாது. ஆனாலும் குஞ்சுக்கு அட்ரோபின் கொடுத்தால் கிட்டப்பார்வை குறைகிறது. அதாவது மருந்து தசையைத் தளர்த்தி வேலை செய்யவில்லை. விழித்திரையில் டோபமைன் வெளிப்படுவதை அது கூட்டுகிறது என்று 2000-ல் ஷாஃபெல் குழு காட்டியது. ஆனால் அங்கே கண்ணுக்குள் ஊசியால் செலுத்திய அளவு எங்கே, பிள்ளைகளுக்கு இரவில் விடும் 0.01, 0.05 சதவீதச் சொட்டு எங்கே.

வேறு காரணங்கள்

வெளியே போனால் மாறுவது வெளிச்சம் மட்டும் இல்லை. கண்மணி சுருங்குகிறது, பிம்பத்தின் கூர்மை ஏறுகிறது. அறைக்குள் ஒரே பார்வையில் புத்தகம் ஓர் அடியில், சுவர் பத்தடியில், கதவுக்கு அப்பால் இன்னொன்று. விழித்திரையின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு மங்கல். மைதானத்தில் எல்லாமே தூரம், எனவே மங்கல் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. மரம், புல், கூழாங்கல் என்று இயற்கைக் காட்சியில் நுண்ணிய விவரங்கள் மண்டிக்கிடக்கின்றன. வெள்ளைச் சுவரில் ஒன்றும் இல்லை. இவற்றில் எது எவ்வளவு என்பதைப் பிள்ளைகளிடம் பிரித்தறிவது கடினம். வைட்டமின் டி காரணமோ என்று தேடினார்கள், மரபணுத் தரவுகள் அதற்கு ஆதரவு தரவில்லை. புற ஊதாக் கதிரும் தேவைப்படவில்லை, ஆய்வக விளக்குகளே வேலை செய்துவிட்டன.

இதையெல்லாம் ஒரே ஒரு அளவீடு தீர்த்துவிடும்: வெயிலில் இருந்துவிட்டு வந்த பிள்ளையின் விழித்திரையில் டோபமைன் எவ்வளவு? அதை அளக்க வழியில்லை. குஞ்சில் கண்ணை எடுத்து, விழித்திரையைப் பிரித்து அளக்கிறார்கள். உயிரோடிருக்கும் மனிதக் கண்ணில், விழித்திரையின் மின் துடிப்பைப் பதிவுசெய்து அதிலிருந்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ‘வெயிலில் பிள்ளைகளின் கண்ணில் டோபமைன் சுரக்கிறது’ என்று எழுதும் ஒவ்வொரு குறிப்பும் கோழியைப் பார்த்துப் பிள்ளையைப் பற்றி எழுதியது. தவறு என்று சொல்லவில்லை. பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊகத்தைக் காட்டி விளக்கு, கருவி, சிகிச்சை என்று விற்க வருபவரிடம், டோபமைன் என்ற பெயரைக் கேட்டு மயங்காமல், பிள்ளைகளிடம் நடத்திய பரிசோதனை எங்கே என்று கேட்பது நல்லது.

லக்ஸ் கணக்கில் ஒரு முரண்

வூ பெய்-சாங் குழு 2018-ல் வெளியிட்ட இரண்டாவது தைவான் பரிசோதனை முதலாவதைவிடப் பலமானது. 16 பள்ளிகள், முதல் வகுப்புப் பிள்ளைகள் 693 பேர், வாரத்துக்கு 11 மணி நேரம் வரை வெளியே இருக்க ஊக்குவிப்பு, பிள்ளைகளுக்கு ஒளி அளக்கும் கருவி. ஓராண்டில் ஊக்குவித்த பள்ளிகளில் மைனஸ் பக்கம் நகர்ந்தது சராசரியாக 0.35 டயாப்டர், மற்றவற்றில் 0.47. இந்த முறை நீளத்திலும் வித்தியாசம் தெரிந்தது: 0.28-க்கு எதிரே 0.33 மில்லிமீட்டர். குவாங்சோவில் காணாமல் போயிருந்த எண் இங்கே கிடைத்தது.

எதிர்பாராதது ஒளி அளவில் வந்தது. 1,000 அல்லது 3,000 லக்ஸுக்குக் குறையாத வெளிச்சத்தில் பள்ளியில் வாரத்துக்கு 200 நிமிடத்துக்கு மேல் இருந்த பிள்ளைகளிடமே பலன் தெரிந்துவிட்டது. மர நிழல், வெளித் தாழ்வாரம், இவையே போதும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோழியிலோ 10,000 லக்ஸுக்கு மேலே ஏற ஏறத்தான் பாதுகாப்பு கூடியது. 40,000 லக்ஸில்தான் மங்கல் மூடியின் விளைவு ஏறக்குறைய முழுதாக அடங்கியது. மனிதப் பிள்ளைக்கு 1,000 போதும், குஞ்சுக்குப் பத்து மடங்கு, நாற்பது மடங்கு வேண்டும் என்றால், இரண்டிலும் ஒரே டோபமைன் வழிதான் வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டும். மங்கல் மூடி என்பது கொடுமையான தூண்டுதல், அதை எதிர்க்க அதிக வெளிச்சம் தேவைப்படலாம், பள்ளிப் பிள்ளையின் கண்ணில் நடக்கும் மெல்லிய நழுவலுக்குக் கொஞ்சமே போதலாம். அல்லது நிழலில் பிள்ளைகளைக் காத்தது வெளிச்சத்தின் அளவே அல்லாமல், தூரமும் மரங்களும் தந்த கூர்மையான பிம்பமாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்கும் பரிசோதனையைப் பள்ளியில் வைப்பது எளிதல்ல. வகுப்பறைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான லக்ஸ் கொண்டுவந்து, வெளியே விடாமல் வைத்து ஒரு பிரிவை ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும்.

பள்ளி நடத்துபவருக்கு இந்த முரணிலிருந்து நல்ல செய்திதான். உச்சி வெயிலில் பிள்ளைகளை நிறுத்த வேண்டியதில்லை, தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை, மரத்தடி போதும். கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் பழக்கம் உள்ள ஊர்களில் அதைத் திருப்பிக் கேட்க இது ஒரு காரணம். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கும் அந்தத் தைவான் பரிசோதனையில் பவர் ஏறும் வேகம் குறைந்தது: 0.79 டயாப்டருக்குப் பதில் 0.57. கண்ணாடியைக் கழற்ற அது உதவாது. அடுத்த ஆண்டு வாங்கும் கண்ணாடியின் எண்ணைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.